எந்திரன் காணாத தரவு

2020ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் கொரோனாத் தொற்று மீண்டும் பெருகிக்கொண்டிருந்தது. ஆய்வகங்கள் அனுப்பிய முடிவுகள் தானியங்கி முறையில் எக்செல் கோப்புகளில் தொகுக்கப்பட்டன. அக்கோப்புகள் பழைய வடிவில் இருந்தமையால், ஒரு தாளில் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்கவில்லை. மிகுந்தவை விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்களின் விவரங்கள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. தொற்றாளர்களுக்கு ஆய்வு முடிவு தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும், அவர்களோடு பழகியோரைக் கண்டறிந்து எச்சரிக்கும் பணி தாமதமாயிற்று.

இங்கே தரவு அழிந்துவிடவில்லை. அடுத்த நிலையின் பார்வைக்கு வரவில்லை. தரவு இல்லாமையும் தரவு தெரியாமையும் வெவ்வேறானவை. இவ்வேறுபாட்டை உணர்வதே மென்பொருள் எந்திரன்களை உருவாக்குவோர் கற்க வேண்டிய முதற்பாடமாகும்.

மென்பொருள் எந்திரன்

மென்பொருள் எந்திரனுக்குக் கையோ காலோ இல்லை. அலுவலர் ஒருவர் கணினித் திரையைப் படித்து, விவரங்களைப் படியெடுத்து, வேறொரு படிவத்தில் நிரப்பும் பணியை அவருக்கு மாற்றாகச் செய்யும் நிரலே அது. இங்கிலாந்தில் 2001இல் தோன்றிய புளூ பிரிசம், ருமேனியாவில் 2005இல் தோன்றிய யூஐபாத் ஆகிய நிறுவனங்கள் இத்துறையில் பெயர்பெற்றவை.

கல்வி உதவித்தொகை வழங்கும் அலுவலகம் ஒன்றைக் கருதுவோம். அங்குள்ள எந்திரன், மாணவர் விண்ணப்பங்களை இணையத்தளத்தில் படித்து வங்கிப் பட்டியலில் சேர்க்கிறது. ஒருநாள் பட்டியல் குறைவாக அமைகிறது. பிழைச்செய்தி எதுவும் தோன்றவில்லை. விடுபட்ட ஒவ்வொரு வரிசையும் ஒரு மாணவரின் கட்டணமாகும்.

தரவு மறையும் இடங்கள்

முதலாவது, மாறியின் வரையெல்லை. ஒரு தொகுதிக்குள் அறிவிக்கப்பட்ட மாறியை அத்தொகுதிக்கு வெளியே காண இயலாது. உள்ளும் புறமும் ஒரே பெயரில் இரு மாறிகள் இருப்பின், உள்ளே எழுதிய மதிப்பு உள் மாறியையே சேரும். புற மாறி வெறுமையாகவே இருக்கும். துணைச் செயல்முறையிலிருந்து மதிப்பைப் பெறும்போது, அது வெளிவரும் செயலுருபாக அமைக்கப்பட்டுள்ளதா என்பதையும் நோக்க வேண்டும்.

இரண்டாவது, காலம். பக்கம் முழுமையாகத் திறக்கும் முன்னரே எந்திரன் படித்துவிட்டால் வெற்றிடமே கிட்டும். இத்தனை நொடி காத்திரு எனக் கட்டளையிடுவதைவிட, குறிப்பிட்ட உறுப்பு தோன்றும்வரை காத்திரு எனக் கட்டளையிடுவதே நன்று.

மூன்றாவது, அடையாளம். திரையிலுள்ள பெட்டியையும் பொத்தானையும் எந்திரன் அவற்றின் உள் அடையாளத்தைக் கொண்டே அறிகிறது. பக்கம் திறக்கும்தோறும் அவ்வடையாளம் மாறுமாயின், மனிதர் கண்ணுக்குத் தெரியும் பெட்டி எந்திரனுக்குத் தெரியாது. ஆகையால் மாறாத பண்புகளையே அடையாளமாகத் தெரிவு செய்தல் வேண்டும்.

நான்காவது, திரையின் எல்லையும் உரிமையும். அட்டவணை ஒரு பக்கத்திற்கு இருபது வரிசைகளையே காட்டினால், அடுத்த பக்கத்திற்குச் செல்லாத எந்திரன் இருபதோடு நின்றுவிடும். உருவாக்குநரின் கணக்கில் தெரியும் பதிவுகள், உரிமை குறைந்த எந்திரனின் கணக்கில் தெரியாமலும் போகலாம்.

பிழையைத் தேடும் முறை

ஊகித்து நிரலை மாற்றுவது பயன் தராது. தரவு செல்லும் வழியைப் படிப்படியாகப் பின்தொடர வேண்டும். மூலத்தில் இருந்ததா, படிக்கப்பட்டதா, மாறியில் சேர்ந்ததா, அடுத்த தொகுதிக்குச் சென்றதா, எழுதப்பட்டதா என ஒவ்வொரு நிலையிலும் வினவ வேண்டும். நிறுத்தப்புள்ளி அமைத்து நிரலை இடையில் நிறுத்தினால், அக்கணத்தில் மாறி கொண்டுள்ள மதிப்பைக் காணலாம். மதிப்பு கடைசியாகத் தெரிந்த இடத்திற்கும் முதன்முதலில் மறைந்த இடத்திற்கும் இடையில்தான் பிழை உள்ளது.

பிழையைப் பிடித்து, எதுவும் அறிவிக்காமல் கடந்து செல்லுமாறு நிரல் எழுதுவது பெருந்தவறு. நின்றுபோன எந்திரன் தன் குறையைத் தானே உணர்த்திவிடும். குறையோடு ஓடும் எந்திரனோ அதனை மறைத்துவிடும். எனவே நிகழ்வுப் பதிவேடு இன்றியமையாதது. எனினும், மாணவரின் வங்கிக் கணக்கு எண் போன்ற தனி விவரங்களை அதில் எழுதலாகாது. வரிசை எண்ணும் நேரமும் நிலையும் போதும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, படித்த வரிசைகளின் எண்ணிக்கையையும் எழுதிய வரிசைகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொரு முறையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் மாறுபட்டால் எந்திரன் உடனே நின்று அலுவலரை அழைக்க வேண்டும். அவ்வாறு அமைத்தால், விடுபட்ட மாணவரின் பெயர் அன்றே கண்டறியப்பட்டுவிடும். கட்டணம் செலுத்தும் நாள் கடந்தபின் அவர் அலுவலக வாயிலில் வந்து நிற்க நேராது.