சாய்த்துப் பார்த்து வாங்கும் சரக்கு

பழைய இசைத்தட்டு ஒவ்வொன்றும், தான் எப்படிப்பட்ட கருவியில், எத்தனை முறை, எவ்வளவு அக்கறையோடு இசைக்கப்பட்டது என்பதற்கான தடயத்தைத் தன் மேலேயே சுமந்துகொண்டிருக்கிறது. அதனால்தான், கேட்ட பாட்டெல்லாம் கைப்பேசியில் கிடைக்கும் இந்தக் காலத்திலும், தட்டு வாங்க விரும்புவோர் கடைக்கு நேரில் போய், அதை உறையிலிருந்து உருவி, விளக்கொளியில் சாய்த்துப் பார்த்து விலை பேச வேண்டியிருக்கிறது. புதுத் தட்டை எங்கிருந்தும் வரவழைத்துக்கொள்ளலாம். பழைய தட்டுக்குக் கடையை விட்டால் வேறு நல்ல வழி இல்லை.

மேலைநாடுகளில் இசைத்தட்டு மீண்டும் தலையெடுத்திருப்பது பலரும் அறிந்த செய்தி. அமெரிக்காவில் 2022-இல் ஏறத்தாழ 4 கோடியே 10 லட்சம் வினைல் தட்டுகள் விற்பனையாக, குறுந்தகடுகள் 3 கோடியே 30 லட்சத்தோடு நின்றுவிட்டன. 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் தட்டு முந்தியது அப்போதுதான். தனியார் சிறு கடைகளைக் காப்பதற்கென்று 2008 முதல் ஆண்டுதோறும் இசைத்தட்டுக் கடை நாள் கொண்டாடப்படுகிறது. வேல்ஸ் நாட்டுக் கார்டிஃபில் 1894-இல் தொடங்கிய ஸ்பில்லர்ஸ், உலகின் மிகப் பழைய இசைத்தட்டுக் கடை என்ற பெயரோடு இன்னும் நடக்கிறது. ஆயினும் அங்குள்ள வாங்கும் முறை அப்படியே இந்தியாவுக்குப் பொருந்துவதில்லை, ஏனெனில் இங்குள்ள தட்டுகள் கடந்து வந்த வாழ்க்கை வேறு.

தட்டின் இரு பக்கத்திலும் வெளி விளிம்பில் தொடங்கி நடுப்பகுதி வரை சுருள்போல ஓடுவது ஒரே ஒரு பள்ளம்தான். அதன் சுவர்களில் உள்ள நுண்ணிய நெளிவுகளே ஒலியின் வடிவம். அந்த நெளிவுகளில் ஊசி உரசிச் செல்லும்போது எழும் அதிர்வை, பிக்கப் எனப்படும் ஊசித்தலை மின்னோட்டமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. உரசல் என்ற பிறகு தேய்மானம் இல்லாமல் முடியாது. எடை சரியாக அமைக்கப்பட்ட இன்றைய ஊசித்தலை ஏறத்தாழ 2 கிராம் பாரத்தோடு தட்டில் அமர்வதால் தேய்மானம் மிகக் குறைவு. சாவி கொடுத்து இயக்கிய பழைய கிராமபோனிலோ 100 கிராமுக்கு மேற்பட்ட பாரம் ஓர் எஃகு ஊசியின் முனையில் இறங்கியது. அதற்கு ஈடுகொடுக்க அந்தக் காலத் தட்டில் அரக்கோடு கல்தூளையும் கலந்தார்கள். தட்டு ஊசியைத் தேய்க்க, ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் ஊசியை மாற்ற வேண்டியிருந்தது.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இந்த அரக்குத் தட்டு, பத்து அங்குல அளவில் பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பாடும். 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம், நிமிடத்துக்கு 33⅓ முறை சுழன்று பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் எல்.பி.யை வினைல் என்னும் நெகிழியில் கொண்டுவந்தது. மறு ஆண்டே 45 சுற்றுச் சிறு தட்டும் வந்தது. இந்தியாவில் இந்த மாற்றம் மெதுவாகவே நடந்தது. 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை தொடங்கி 1928-இல் டம்டமுக்கு மாறிய கிராமபோன் கம்பெனி, மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கிராமபோன்களே புழங்கியதால், மற்ற நாடுகள் கைவிட்ட பின்னும் 78 சுற்றுத் தட்டுகளை அச்சிட்டுக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள்கூட இங்கே 78 சுற்றில் வெளிவந்தன. உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் இன்று அவற்றைத் தேடி அலைகிறார்கள்.

தமிழ்த் திரைப்பாடல்களைப் பொறுத்தவரை, கடைகளில் அதிகம் கண்ணில் படுவது பக்கத்துக்கு இரண்டு பாட்டு வீதம் நான்கு பாட்டு அடங்கிய ஏழு அங்குல இ.பி. தட்டு. ஹெச்.எம்.வி., கொலம்பியா, ஏஞ்சல், ஓடியன் என்று முத்திரைகள் பல இருந்தாலும் பின்னாளில் இவை எல்லாவற்றுக்கும் உரிமையாளர் அதே கிராமபோன் கம்பெனிதான். எழுபதுகளில் பாலிடார், இன்ரெகோ போன்றவை போட்டிக்கு வந்தன. இந்தத் தட்டுகளைப் பெருமளவில் வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் சவுண்டு சர்வீஸ்காரர்கள் என்பதை இன்று வாங்குபவர் மறக்கலாகாது. கல்யாண வீடு, காதுகுத்து, கோயில் கொடை என்று எந்த விசேஷமானாலும் தென்னை மரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, விடியற்காலையில் சீர்காழி கோவிந்தராசனின் விநாயகர் பாட்டில் தொடங்கி, நடுநிசியில் திருவிளையாடல் வசனத் தட்டில் முடித்தவர்கள் அவர்கள். முனை மழுங்கிய ஊசியும் பாரமான பிக்கப்பும் தூசியும் வெயிலும் அந்தத் தட்டுகளின் அன்றாடமாயின. விளைவு விந்தையானது: எந்தப் பாட்டை ஊரே விரும்பிக் கேட்டதோ அந்தத் தட்டே அதிகம் தேய்ந்தது, ஓடாத படத்தின் பாட்டு புத்தம் புதிதாக இருக்கும். இலட்சக்கணக்கில் விற்றதுதானே, மலிவாகக் கிடைக்கும் என்று எண்ணிப் போகிறவர், நல்ல நிலையிலுள்ள ஒரு பிரதியின் விலையைக் கேட்டுத் திகைப்பது இதனால்தான்.

எனவே உறையைப் பார்ப்பதிலிருந்தே ஆராய்ச்சி தொடங்குகிறது. ஊர்ப் பெயரோடு சவுண்டு சர்வீஸின் ரப்பர் முத்திரை குத்தியிருந்தால் தட்டைச் சற்று ஐயத்தோடே வெளியே எடுக்க வேண்டும். ஒருவரின் பெயரும் வாங்கிய தேதியும் மையில் அழகாக எழுதியிருந்தால் நம்பிக்கை கொள்ள இடமுண்டு. மழைக்காலப் பூஞ்சையும் இராமபாணப் பூச்சி அரித்த ஓரமும் உறையின் விலையைக் குறைக்குமே தவிர உள்ளிருக்கும் வினைலை அதிகம் பாதிப்பதில்லை. பூஞ்சை பெரும்பாலும் கழுவினால் போய்விடும். தட்டை விளிம்பிலும் நடுவிலுள்ள வட்டக் காகிதத்திலும் மட்டுமே விரல் படும்படி பிடித்து, குழல் விளக்கின் கீழோ வாசல் வெயிலிலோ சாய்க்க வேண்டும். நல்ல தட்டு கருங்கண்ணாடிபோல் மின்னும். தேய்ந்தது சாம்பல் பூத்துத் தெரியும், அதிலும் உச்சத்தில் பாடும் இடங்களில் அந்தச் சாம்பல் நிறம் அதிகமாக இருக்கும். எவ்வளவு கழுவினாலும் இது மாறாது, ஏனெனில் அது அழுக்கு அன்று, பள்ளத்தின் சுவரே சிதைந்த அடையாளம்.

கீறல் வேறு வகை. மெல்லிய கோடாகக் கண்ணுக்குத் தெரிந்து, நகத்தை மெதுவாக அதன் மேல் நகர்த்தும்போது தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் காதுக்கும் எட்டாது. நகம் தடுக்கினால் எல்.பி.யில் 1.8 வினாடிக்கு ஒருமுறை, அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை, ‘டக்’கென்ற ஒலி எழும். பள்ளத்தின் போக்கிலேயே நீளும் கீறல் இன்னும் மோசமானது. ஊசியை வழிமாற்றி, பாடகரை ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடவைப்பது அதுதான். நடுத்துளையைச் சுற்றிக் காகிதத்தில் தெரியும் மங்கலான கோடுகளையும் கவனிக்க வேண்டும்: தட்டைக் கருவியில் பொருத்தும்போது துளை தேடி அலைந்த அச்சின் தடங்கள் அவை, மிகுதியாக இருந்தால் தட்டு மிகுதியாக ஓடியிருக்கிறது என்று பொருள். பிறகு தட்டைக் கண்மட்டத்தில் கிடையாகப் பிடித்து வளைவு பார்க்க வேண்டும், ஏனெனில் கோடையில் மூடிய காருக்குள் ஒரு மதியம் கிடந்தாலே வினைல் நெளிந்துவிடும். உறையிலுள்ள படமும் உள்ளிருக்கும் தட்டும் ஒன்றுதானா என்பதைப் பார்க்காமல் பணம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவையும் பொறுமையாகச் செய்ய விடும் கடைக்காரரே நல்ல கடைக்காரர். போட்டுக் காட்டச் சொன்னால் தயங்காமல் போட்டுக் காட்டுபவர் அதைவிட மேல். சென்னையில் ஒரு காலத்தில் இத்தகைய தேடலுக்குப் பெயர்பெற்ற இடமாயிருந்த மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாக, வணிகர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்கு இடம்பெயர்ந்தார்கள். மும்பையில் பல பத்தாண்டுகள் புதுத் தட்டு விற்ற ரிதம் ஹவுஸ் 2016-இல் மூடப்பட்டது. ஆனால் பழைய தட்டுகளுக்கு அந்நகரின் சோர் பஜாரும் கொல்கத்தாவின் ஃப்ரீ ஸ்கூல் தெருவும் இன்றும் பேர்போனவை. பெரிய கடை சாய்ந்து நடைபாதைக் கடை நிலைத்தது தற்செயல் அன்று: புதுச் சரக்கைக் கடையில் வாங்குவோர் குறைந்தபோது முன்னதற்குப் பிழைக்க வழியில்லை, பின்னதற்கோ வீடு காலிசெய்வோரும் பரண் ஒழிப்போரும் இருக்கும் வரை வரத்துக்குக் குறைவில்லை.

இதுவரை சொன்ன விதிகள் எல்லாம் தலைகீழாகும் இடம் ஒன்று உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் 1963-ஆம் ஆண்டு வெங்கடேச சுப்ரபாத எல்.பி. போன்றவை வீட்டுக்கு வீடு இருந்தவை. அவற்றில் கீறல் விழுந்ததை வாங்காமல் அடுத்ததற்குக் காத்திருக்கலாம். 1933-இல் 27 வயதில் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் காலத்து அரக்குத் தட்டுகளோ, ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் பட உலகில் நிலைபெறுமுன் கூட்டாளிகளோடு நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் விற்ற ஓடியன் தட்டுகளோ அப்படிப்பட்டவை அல்ல. மூலப்பதிவு அழிந்துபோன ஒரு நாடகப் பாட்டுக்கு எங்கோ ஒரு பரணில் கிடக்கும் தட்டே கடைசிப் பிரதியாக இருக்கக்கூடும் என்பதால், விரிசல் விட்டதானாலும் அதை விட்டுவரக் கூடாது. வாங்கிய பின் செய்யக் கூடாதவையும் உண்டு. அரக்கு சாராயத்தில் கரைவது. வினைல் தட்டைத் துடைக்க விற்கும் திரவங்களில் பல ஸ்பிரிட் கலந்தவை என்பதால், 78 சுற்றுத் தட்டை அவற்றால் துடைத்தால் பாட்டும் சேர்ந்து போய்விடும். எல்.பி.க்குரிய நுண்ணூசியும் அதற்கு ஆகாது: அரக்குத் தட்டின் பள்ளம் ஏறத்தாழ மூன்று மடங்கு அகலம் என்பதால், அந்த ஊசி சுவர்களைத் தொடாமல் அடியிலே தங்கி, அங்கே படிந்த தூசியின் இரைச்சலையே எடுத்துத் தரும். 78-க்கென்று தனி ஊசி இன்றும் கடையில் கிடைக்கிறது. தட்டுக்குப் பணம் கொடுக்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.