கனடாவில் குடியேறும் தேதியைக் குறிச்சு வச்சுக்கோங்க!

பி.ஆர். கிடைச்சு கனடா கிளம்புறவங்க ஜாக்கெட், குக்கர், சாம்பார் பொடின்னு எல்லாத்துக்கும் லிஸ்ட் போடுவாங்க. பணத்துக்கு மட்டும் "அங்க போய்ப் பார்த்துக்கலாம்"னு விட்டுடுவாங்க. ஆனால் நீங்கள் அங்கே குடியேறும் தேதியிலிருந்தே உங்கள் பணத்துக்கான விதிகள் மாறிவிடுகின்றன. நாலு விஷயம் முக்கியம்.

1. அன்றைய மதிப்பு

ஊரில் உள்ள பங்குகள், மியூச்சுவல் ஃபண்ட், மனை இதையெல்லாம் நீங்கள் குடியேறிய அன்றைய சந்தை விலைக்கு வாங்கியதாகவே கனடா வரித்துறை எடுத்துக்கொள்ளும். 2 லட்சத்துக்கு வாங்கிய பங்கு, குடியேறிய அன்று 8 லட்சம். பிறகு 9 லட்சத்துக்கு விற்கிறீர்கள். கனடாவில் லாபம் 1 லட்சம்தான், 7 லட்சம் இல்லை. (புரியறதுக்காக ரூபாய்ல சொல்றேன், கணக்கு டாலர்லதான் போடணும்.) ஆனா அன்றைய விலைக்கு ஆதாரம் வேணும். டீமேட் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வையுங்கள். மனைக்கு மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கிடுங்க.

2. என்.ஆர்.இ. வட்டி

இந்தியாவில் இதற்கு வரி கிடையாது. அதனால கனடாவிலும் கிடையாதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. தப்பு! கனடாவில் வரி விஷயத்தில் நீங்கள் ரெசிடென்ட் என்றால், உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் காட்டியாக வேண்டும். வாடகைக்கும் இதே கதைதான். இந்தியாவில் கட்டிய வரிக்கு அங்கே கழிவு கேட்கலாம். என்.ஆர்.இ. வட்டிக்கு இங்கே வரியே கட்டலையே, கழிக்க என்ன இருக்கு? பழைய சேமிப்புக் கணக்கையும் என்.ஆர்.ஓ.வாக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுத்துடுங்க.

3. டி.எஃப்.எஸ்.ஏ.

இதில் வளரும் பணத்துக்கு கனடாவில் வரி இல்லை. பத்து வருஷமா அங்க இருக்கற நண்பர் பெரிய தொகை போடுவார். அவரைப் பார்த்து நீங்களும் போட்டுடாதீங்க! 18 வயது நிரம்பியவர்களுக்கு, குடியேறிய ஆண்டிலிருந்துதான் வரம்பு சேர ஆரம்பிக்கும். 2025இல் வரம்பு 7,000 டாலர். டிசம்பரில் போய் இறங்கினாலும் அந்த ஆண்டுக்கான முழு வரம்பும் உண்டு. அதிகமாகப் போட்டால், கூடுதல் தொகைக்கு மாதம் 1 சதவீதம் வரி.

4. டி1135 படிவம்

கனடாவுக்கு வெளியே உள்ள முதலீடுகளின் அடக்க விலை மொத்தம் 1 லட்சம் டாலரைத் தாண்டினால் இதைத் தாக்கல் செய்யணும். குடியேறிய முதல் ஆண்டுக்கு மட்டும் விலக்கு. தாமதமானால் நாளுக்கு 25 டாலர், அதிகபட்சம் 2,500 டாலர் அபராதம். அந்த அடக்க விலையும் குடியேறிய அன்றைய மதிப்புதான். முதல் விஷயத்தை ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னேன்னு இப்போ புரியுதா?

டிக்கெட் போட்டாச்சா? அப்போ அந்தத் தேதியோட ஒரு ஃபைல் போடுங்க. அந்த ஸ்டேட்மென்ட்டுகள் எல்லாம் அதில் இருக்கட்டும். பல வருஷம் கழிச்சு ஊர் மனையை விற்கும்போது அந்த ஃபைல்தான் கைகொடுக்கும்.