உங்களுக்குத் தெரியுமா? சேற்றுக்குள் இருக்கும் மெலியாய்டோசிஸ்

● வயல் சேற்றிலும் மழைநீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா, பாத வெடிப்பு வழியாக உடம்புக்குள் நுழைந்து, ரத்தத்தில் கலந்து சில நாட்களிலேயே உயிரைப் பறித்துவிடக்கூடும். பெயர் பர்கோல்டேரியா சூடோமலை. அது தரும் நோய்தான் மெலியாய்டோசிஸ். புயல்மழையின்போது மூச்சுக்காற்றோடும் இந்தக் கிருமி உள்ளே போகும்.

● பெரும்பாலும் இது தாக்குவது எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களைத்தான். நோய் வருபவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் சர்க்கரை நோயாளிகள். ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனால், கிருமியை விழுங்கி அழிக்கும் வெள்ளணுக்கள் சோர்ந்துவிடுகின்றன. நாள்பட்ட சிறுநீரக நோய், தலசீமியா, மிதமிஞ்சிய குடி ஆகியவையும் கதவைத் திறந்துவிடுகின்றன. எதிர்ப்பு சக்தியையே குலைக்கும் எச்.ஐ.வி. மட்டும் இந்த நோய்க்கான ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை!

● முதலில் இதைக் கண்டறிந்தது ரங்கூனில், 1911-இல். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் போலவே நோயாளிகளின் உள்ளுறுப்புகளில் சீழ்க்கட்டிகள். ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால் கிருமி வேறு. 1912-இல் இதை உலகுக்கு அறிவித்தவர்கள் இருவர்: ஆல்பிரட் விட்மோர், சி.எஸ். கிருஷ்ணசுவாமி. பிறகு ‘விட்மோர் நோய்’ என்றே பேசினார்கள். கிருஷ்ணசுவாமியின் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

● இது பெரிய வேஷக்காரன். இருமல், காய்ச்சல், உடல் மெலிவு, எக்ஸ்ரேயில் நுரையீரல் புண் என்று காசநோய் போலவே தெரியும். காசநோய் மாத்திரையைத் தின்று தின்று குணமாகாமல், கடைசியில் உண்மை தெரியவந்தவர்கள் உண்டு. கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி, மூட்டில் சீழ், சில குழந்தைகளுக்குக் கன்னத்தில் வீக்கம்... வடிவங்கள் பல.

● இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவில் கைதியாக இருந்த ஒருவருக்கு, 62 ஆண்டுகள் கழித்து இந்த நோய் வெளிப்பட்டது. அத்தனை காலமும் கிருமி உடம்புக்குள்ளேயே உறங்கிக்கொண்டிருந்தது.

● சத்து எதுவுமில்லாத காய்ச்சி வடித்த நீரிலேயே இந்தக் கிருமி 16 ஆண்டுகள் உயிரோடு இருந்திருக்கிறது.

● 2021-இல் அமெரிக்காவில் நால்வருக்கு இந்நோய் வந்தது, இருவர் இறந்தனர். காரணம், இந்தக் கிருமி கலந்திருந்த, இந்தியாவில் தயாரான ஓர் அறை வாசனைத் தெளிப்பான்!

● ஆண்டுதோறும் உலகில் சுமார் 1,65,000 பேருக்கு வருவதாகவும், அவர்களில் 89,000 பேர் இறப்பதாகவும் 2016-இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது.

● மருந்து உண்டு. பென்சிலின், ஜென்டாமைசின் பொதுவாக எடுபடாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள்; அதன்பின் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று முதல் ஆறு மாதம். உடம்பு தேறிவிட்டதென்று நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பி வரக்கூடும்.

● ரத்தத்தையோ சீழையோ ‘கல்ச்சர்’ செய்து பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். சர்க்கரை நோயோடு வயலில் இறங்குபவர்களே, காலுக்கு பூட்ஸ் போடுங்கள், புண்ணை மூடிக்கட்டுங்கள். காய்ச்சல் விடவில்லையென்றால், சேற்றில் வேலை செய்ததையும் சர்க்கரை இருப்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.