மூழ்காத நீர்மூழ்கிக் கப்பல்!

பெயர் நீர்மூழ்கிக் கப்பல். ஆனால், அது ஒரு நாளும் மூழ்கியது இல்லை!

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், டிஸ்னிலாண்ட் என்ற கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. சினிமாப்பட அதிபர் வால்ட் டிஸ்னி 1955-ல் தொடங்கியது. அங்கு ஒரு குளத்தில், 1959-ல் 8 நீர்மூழ்கிக் கப்பல்கள் விடப்பட்டன.

தந்திரம்

கப்பலின் அடிப்பாகம் மட்டுமே தண்ணீருக்குள் இருக்கும். அங்கே வட்ட வட்டமாகக் கண்ணாடி ஜன்னல்கள். கப்பல் கிளம்பியதும், ஜன்னலுக்கு வெளியே 'குபுகுபு' என்று காற்றுக் குமிழிகள் பொங்கும். உள்ளே இருப்பவர்களுக்குக் கடலுக்குள் இறங்குவது போலவே இருக்கும்! உண்மையில், கப்பல் தண்ணீருக்குள் போட்ட தண்டவாளத்தில் ஊர்ந்து போகும். வெளியே தெரியும் மீன்களும் பொம்மைகளே!

பூட்டு

கப்பல்களைப் பராமரிக்கச் செலவு அதிகம். 1998-ல் நிறுத்திவிட்டார்கள்.

இதேபோல புளோரிடா மாநில டிஸ்னி பூங்காவில் 1971-ல் விட்ட கப்பல்கள், 1994-ல் நின்றன. அவை மறுபடி ஓடவே இல்லை. குளத்தையும் மண் போட்டு மூடிவிட்டார்கள்.

கலிபோர்னியா கப்பல்களுக்கும் அதே கதிதானா?

மீன் காப்பாற்றியது!

2003-ல் ஒரு கார்ட்டூன் படம் வந்தது. காணாமற்போன மகனைத் தேடி அலையும் அப்பா மீனின் கதை. படம் சக்கைப்போடு போட்டது. அந்த மீன்களையே குளத்துக்குள் காட்டினால் என்ன என்று யோசித்தார்கள். பழைய கப்பல்களைப் புதுப்பித்தார்கள். டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு, மின்சாரத்தில் ஓடச் செய்தார்கள்.

2007-ல் கப்பல்கள் மறுபடி கிளம்பின. முன்பு அதில் போன குழந்தைகள், இப்போது தங்கள் குழந்தைகளோடு வந்து வரிசையில் நின்றார்கள்!