நடையும் வேண்டும், பரிசோதனையும் வேண்டும்

“தினமும் நடக்கிறேன், சைவம்தான் சாப்பிடுகிறேன். எனக்கு எதற்கு மேமோகிராம்?”

தோழிகள் கூடும்போது இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். சிங்கப்பூர்ப் பெண்களை ஆக அதிகமாகப் பாதிக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். ஏறத்தாழ 13 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் அது வரக்கூடும். நல்ல பழக்கங்கள் அந்த வாய்ப்பைக் குறைக்கும். ஆனால், முற்றிலும் நீக்கிவிடாது.

நம் கையில் இல்லாதவை

பெண்ணாகப் பிறந்ததும் வயது கூடுவதும்தான் முதன்மைக் காரணங்கள். சிறுவயதிலேயே பூப்பெய்துவது, மாதவிடாய் தாமதமாக நிற்பது ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டும். பரம்பரை மரபணுக் கோளாற்றால் வருபவை 5 முதல் 10 விழுக்காடுதான். எனவே, “எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை” என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

நம் கையில் இருப்பவை

முதலாவது, எடை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுக்களில்தான் உருவாகிறது. கொழுப்பு கூடினால் ஈஸ்ட்ரோஜனும் கூடும். அது சில வகைக் கட்டிகளை வளர்க்கும். அதனால்தான் 50 வயதுக்குமேல் ஏறும் எடையை அலட்சியப்படுத்தக் கூடாது.

இரண்டாவது, உடற்பயிற்சி. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் வேண்டும். ஐந்து நாள் அரை மணி நேரம் விறுவிறுவென்று நடந்தாலே போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வேலை முடிந்து வரும்போது ஒரு நிறுத்தம் முன்பே பேருந்திலிருந்து இறங்கினால் கணக்கில் ஒரு சிறு பகுதி தீர்ந்துவிடும்.

மூன்றாவது, மது. ஒயின் உட்பட எந்த மதுவும் இதற்கு விலக்கல்ல. நாளுக்கு ஒரு கிண்ணம் குடிப்பதுகூட வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு உயர்த்தும்.

தாய்ப்பால் கொடுப்பதும் உதவும். 30 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002ல் வெளியான முடிவின்படி, ஒவ்வொரு 12 மாதத்திற்கும் வாய்ப்பு சுமார் 4 விழுக்காடு குறைகிறது. கொடுக்க இயலாத தாய்மார் அதற்காக மனம் வருந்த வேண்டியதில்லை.

உணவில் மாயமருந்து எதுவும் இல்லை. மஞ்சளோ கேழ்வரகோ தனியாக நின்று நோயைத் தடுக்காது. காய்கறி, பருப்பு, முழுதானியத்தைக் கூட்டுங்கள். தே தாரேக்குக்குப் பதில் தே-ஓ கோசோங் கேட்டு வாங்குங்கள். எடை கட்டுக்குள் இருக்க அது உதவும்.

அக்காவின் அனுபவம்

என் அக்கா 20 ஆண்டுகளாகத் தினமும் நடப்பவர். அவருக்கு 53 வயதில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. “நீ என்ன சாப்பிட்டாய், எப்படி வந்தது?” என்று உறவினர்கள் கேட்டார்கள். அன்பால் கேட்டதுதான், ஆனாலும் அக்கா பல இரவுகள் தூங்கவில்லை. குடை பிடித்தவர்மீதும் சாரல் அடிக்கும். அதற்காக நனைந்தவரை யாரும் குற்றம் சொல்வதில்லை.

அவருடைய நடை வீண்போகவில்லை. சிகிச்சைக் காலச் சோர்வைத் தாங்க அது கைகொடுத்தது. ஆனால், கட்டியைக் கண்டுபிடித்தது மேமோகிராம். கையில் தட்டுப்படும் முன்பே அது படத்தில் தெரிந்துவிட்டது.

இன்று செய்யக்கூடியது

50 முதல் 69 வயது வரை ஈராண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் செய்துகொள்ள வேண்டும். 40 முதல் 49 வயதினர் மருத்துவரிடம் கலந்துபேசி, தேவையானால் ஆண்டுதோறும் செய்யலாம். பலதுறை மருந்தகங்களில் சிங்கப்பூரர்களுக்கு மானியம் உண்டு. 50 வயதானவர்கள் மெடிசேவ் பணத்தையும் பயன்படுத்தலாம்.

வயது எதுவானாலும், மாதவிடாய் தொடங்கி ஒரு வாரம் கழித்து, மாதம் ஒருமுறை சுயபரிசோதனை செய்யுங்கள். கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், கசிவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் கூச்சப்படாமல் மருத்துவரைப் பாருங்கள்.

இளையர்களே, அம்மாவுக்கோ அத்தைக்கோ 50 வயது ஆகிவிட்டதா? “போய்ப் பாருங்கள்” என்று சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். நீங்களே முன்பதிவு செய்து, துணைக்குச் செல்லுங்கள்.