உங்க ஐடியாவை வேற யாரோ ஏற்கனவே ஆரம்பிச்சுட்டாங்களா? ராஜினாமா மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



வழக்கமா இங்க எஸ்ஐபி, இன்கம் டேக்ஸ், ஹோம் லோன்னு பேசுவோம். இன்னைக்கு கொஞ்சம் மனசு சம்பந்தப்பட்ட விஷயம். ஆனா இதுவும் கடைசியில உங்க பேங்க் பேலன்ஸ்லதான் வந்து நிக்கும், அதனாலதான் எழுதுறேன்.

வேலைக்குப் போய்க்கிட்டே ஒரு ஸ்டார்ட்அப் ஐடியாவை வளர்த்துக்கிட்டு இருக்கிறவங்க உங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி ஒரு மணி நேரம், ஞாயித்துக்கிழமை அரை நாள்னு உழைச்சிருப்பீங்க. ஒரு நாள் போனை ஸ்க்ரோல் பண்ணும்போது ஒரு விளம்பரம் வரும். அதே ஐடியா. உங்களோடதைவிட நல்ல லோகோ. அந்த நிமிஷம் வயித்தைப் பிசையும் பாருங்க, அதைப் பத்திதான் இந்தக் கட்டுரை.

எனக்கு அது 2018-ல நடந்தது. அப்போ நான் ஒரு கம்பெனியில அக்கவுன்ட்ஸ் வேலையில இருந்தேன். சோழிங்கநல்லூர் பக்கம் லேடீஸ் பிஜி நடத்துற ஒரு அக்காவுக்கு, தெரிஞ்சவங்கங்கிறதால கணக்கு பார்த்துக் கொடுப்பேன். 42 பேர் தங்கியிருந்தாங்க. யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தாங்க, யார் பாதி மாசத்துல காலி பண்ணாங்க, கரண்ட் பில்லை ரூம் வாரியா எப்படிப் பிரிக்கிறது, எல்லாமே ஒரு லாங் சைஸ் நோட்டுல இருக்கும். இதை ஒரு ஆப்பா பண்ணா என்னன்னு தோணுச்சு. எட்டு மாசம் அதே நினைப்பு. டொமைன் வாங்கினேன், லோகோவுக்கு 4,000 ரூபா, டெமோ ஸ்கிரீன் டிசைன் பண்ண 25,000 ரூபா.

அப்புறம் ஒரு ராத்திரி அந்த விளம்பரம் வந்தது. கரண்ட் பில்லை ரூம் வாரியா பிரிச்சு வாட்ஸ்அப்ல அனுப்புறதுகூட அதுல இருந்தது. உலகத்துலயே நான்தான் அதை முதல்ல யோசிச்சேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்!

அன்னைக்குத் தூக்கமே இல்ல. போன 29,000 ரூபா பெருசா வலிக்கல. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு கல்யாண வீட்டுல சொந்தக்காரங்க முன்னாடி "அடுத்த வருஷம் சொந்தமா ஆரம்பிக்கிறேன்"னு சொல்லியிருந்தேன். அதுதான் வலிச்சது. அவங்க கேட்டா என்ன சொல்றது?

ஏன் இவ்வளவு வலிக்குது?

கையில இருக்கிற பொருளுக்கு நாம அதிக மதிப்பு போடுவோம். கானமன், நெட்ச், தேலர்னு மூணு பேர் 1990-ல வெளியிட்ட ஒரு பிரபலமான ஆய்வுல, பாதி பேருக்கு ஒரு காபி கப் கொடுத்தாங்க. கப் கையில இருந்தவங்க விக்கக் கேட்ட விலை, இல்லாதவங்க வாங்கத் தயாரா இருந்த விலையைப்போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. சில நிமிஷம் வச்சிருந்த கப்புக்கே அப்படின்னா, எட்டு மாசம் மனசுல வச்சிருந்த ஐடியாவுக்கு?

சிஏ பாஷையில சொன்னா, நாம அந்த ஐடியாவை மனசுக்குள்ள பேலன்ஸ் ஷீட்ல சொத்தா எழுதிடுறோம். நிஜ அக்கவுன்டிங்ல அதுக்கு அனுமதியே கிடையாது. ஆராய்ச்சி கட்டத்துல பண்ற செலவை சொத்தா காட்டக் கூடாது, அந்த வருஷமே செலவா எழுதிடணும்னு ஏஎஸ் 26 சொல்லுது. பரீட்சைக்குப் படிக்கும்போது என்னடா இவ்வளவு கறாரா இருக்காங்கன்னு நினைச்சேன். அந்த ராத்திரிதான் புரிஞ்சது.

ரெண்டு விதமான பதற்றம்

இந்த அதிர்ச்சியில மனசு ரெண்டு பக்கமா ஓடும். ஒன்னு, "போச்சு, எல்லாம் முடிஞ்சது"ன்னு ஃபோல்டரையே டெலீட் பண்றது. இன்னொன்னு, "உடனே வேலையை விட்டுட்டு முழு நேரமா இறங்கினாத்தான் அவங்களைப் பிடிக்க முடியும்"னு கிளம்புறது. முதலாவதுல போறது கொஞ்சம் உழைப்பு. ரெண்டாவதுல போறது உங்க சேமிப்பு, அதனால எனக்கு இதைப் பத்திதான் பயம் அதிகம்.

நான் ரெண்டாவது ரகம். மறுநாள் காலையில ராஜினாமா மெயில் டைப் பண்ணி டிராஃப்ட்ல வச்சுட்டேன். அனுப்பாததுக்குக் காரணம் புத்திசாலித்தனம் எல்லாம் இல்ல. அன்னைக்குத் தேதி அஞ்சு, ஹோம் லோன் இஎம்ஐ பிடிச்ச எஸ்எம்எஸ் வந்தது. என் சேமிப்பு 3,60,000. இஎம்ஐயோட சேர்த்து மாசச் செலவு 48,000. வகுத்துப் பாருங்க, ஏழரை மாசம். அதுவும் பிசினஸுக்கு ஒரு ரூபாகூட செலவு பண்ணலைன்னா.

இந்த நிலைமையில என்கிட்ட வர்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: அடுத்த சம்பளம் கிரெடிட் ஆகுற வரைக்கும் எந்த முடிவும் எடுக்காதீங்க. வேலையை விடுறதும் வேண்டாம், ஐடியாவை விடுறதும் வேண்டாம், பர்சனல் லோனும் வேண்டாம். முக்கியமா பிஎஃப்-ல கை வைக்காதீங்க. தொடர்ச்சியா அஞ்சு வருஷ சர்வீஸ் முடியறதுக்கு முன்னாடி எடுத்தா அதுக்கு டேக்ஸ் உண்டு. இன்னொன்னு, "நஷ்டம் வந்தா சம்பளத்துல கழிச்சுக்கலாம்ல சார்"னு கேக்குறாங்க. முடியாது. பிசினஸ் நஷ்டத்தைச் சம்பள வருமானத்தோட செட் ஆஃப் பண்ண சட்டம் அனுமதிக்கல. கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் ஃபைல் பண்ணியிருந்தா, 8 வருஷம் வரைக்கும் பின்னால வர்ற பிசினஸ் லாபத்துல கழிக்கலாம், அவ்வளவுதான்.

"என் ஐடியாவைத் திருடிட்டாங்க, கேஸ் போடலாமா?"ன்னு கேக்குறவங்களும் உண்டு. வெறும் ஐடியாவுக்குக் காப்புரிமை கிடையாதுன்னு ஆர்.ஜி. ஆனந்த் வழக்குல உச்ச நீதிமன்றம் 1978-லயே சொல்லிடுச்சு. பிசினஸ் மெத்தடுக்கு இந்தியாவுல பேட்டன்ட்டும் கிடையாது. பெரும்பாலும் யாரும் திருடியிருக்க மாட்டாங்க. அதே பிரச்சினையை அவங்களும் பார்த்திருப்பாங்க.

நூறு ரூபாய்ல கொஞ்சம் தெளிவு

மனசு கொஞ்சம் ஆறினதும் ஒரு வேலை பண்ணுங்க. அவங்க வெப்சைட்ல பிரைவசி பாலிசி பக்கத்துக்குப் போங்க, கம்பெனியோட சட்டபூர்வ பேர் அங்க இருக்கும். பிராண்ட் பேரும் அதுவும் வேற வேறயா இருக்கலாம். அந்தப் பேரை வச்சு எம்சிஏ தளத்துல 'வியூ பப்ளிக் டாக்குமென்ட்ஸ்' பகுதியில 100 ரூபா கட்டினா, அவங்க ஃபைல் பண்ண ஏஓசி-4 பார்க்கலாம். பேலன்ஸ் ஷீட், லாப நட்டக் கணக்கு எல்லாம் அதுல இருக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் திறந்திருக்கும், அதனால உடனே டவுன்லோட் பண்ணிக்கோங்க. புதுசா ஆரம்பிச்ச கம்பெனின்னா இன்னும் ஃபைல் பண்ணியிருக்க மாட்டாங்க. புரொப்ரைட்டர்ஷிப்னா எம்சிஏ-ல எதுவுமே இருக்காது.

நான் பார்த்த கணக்குல வருமானம் 9 லட்சம். சம்பளச் செலவு 61 லட்சம், விளம்பரம் 38 லட்சம். ஒரு ரூபா சம்பாதிக்க பத்து ரூபாய்க்கு மேல செலவு! அசுரன் மாதிரி தெரிஞ்சவங்க, நம்மளை மாதிரியே தடுமாறுற ஆளுங்கன்னு தெரிஞ்சதும் ஒரு சின்ன சந்தோஷம் (அல்பமான சந்தோஷம்தான், ஒத்துக்குறேன்). ஆனா அந்தக் கணக்கு இன்னொன்னையும் சொன்னது. இன்வெஸ்டர் பணத்துல அவங்களால ரெண்டு மூணு வருஷம் இப்படித் தாக்குப் பிடிக்க முடியும். எனக்கு ஏழரை மாசம்.

"போட்டி இருந்தா நல்லதுதான், மார்க்கெட் இருக்குன்னு அர்த்தம்"னு ஆறுதல் சொல்வாங்க. பாதி உண்மை. கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல சென்னையில ஃப்ரெஷ்டெஸ்க் ஆரம்பிச்சப்போ, அதே வேலையைச் செய்ற ஜென்டெஸ்க் 2007-லேர்ந்து இருந்தது. ஜென்டெஸ்க் விலையை ஏத்தினதுல அவங்க வாடிக்கையாளர்கள் கடுப்பானதைப் படிச்சுட்டுதான் அவர் இறங்கினார். ஃப்ரெஷ்வொர்க்ஸ்னு பேர் மாறின அந்த கம்பெனி 2021-ல நாஸ்டாக்ல லிஸ்ட் ஆச்சு. ஆனா அவர் அதுக்கு முன்னாடி ஸோஹோவுல ஹெல்ப்டெஸ்க் சாஃப்ட்வேர்லயே பல வருஷம் வேலை பார்த்தவர். அவர் கதையைச் சொல்றவங்க இதைச் சொல்றதில்ல. எனக்கு ஆப் பண்ணவும் தெரியாது, விக்கவும் தெரியாது. தெரிஞ்சது கணக்கு மட்டும்தான்.

யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லிடுங்க

மூணு நாள் நான் யார்கிட்டயும் பேசல. நாலாவது நாள் மனைவிகிட்ட சொன்னேன். முழுசா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "அந்த அக்கா அந்த ஆப்பை வாங்கிட்டாங்களா?"

அதை நான் யோசிக்கவே இல்ல. சனிக்கிழமை நேர்ல போய் கேட்டேன்.

"அதுவா தம்பி? போன மாசமே ஒரு பையன் வந்து போன்ல போட்டுக் கொடுத்துட்டுப் போனான். உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன். மெசேஜ் எல்லாம் கரெக்டாத்தான் போகுது. மெசேஜ் போனா காசு வந்துருமா? பத்தாம் தேதி நான்தான் ரூம் ரூமா ஏறி இறங்குறேன். வருஷக் கடைசியில ஆடிட்டர் கேக்குற மாதிரி கணக்கு எடுக்கவும் தெரியல. அதுக்கு நீங்கதான் வரணும்."

என்னோட ஒரே கஸ்டமர் ஒரு மாசமா அவங்க ஆப்பை யூஸ் பண்ணியிருக்காங்க, எனக்கே தெரியல! முதல்ல வலிச்சது. வண்டியில வீட்டுக்கு வரும்போது அந்தக் கடைசி வரிதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது.

ஆப் பண்ணல. டொமைனை அடுத்த வருஷம் புதுப்பிக்கவும் இல்ல. கல்யாண வீட்டுல கேட்டவங்க மொத்தம் ரெண்டே பேர், "அது சரியா வரல மாமா"ன்னு சொன்னதும் அவங்க சாப்பாட்டுப் பேச்சுக்குப் போயிட்டாங்க. கையில எட்டு மாசச் செலவு சேர்த்துக்கிட்டு 2020-ல வேலையை விட்டு சொந்தமா பிராக்டிஸ் ஆரம்பிச்சேன். முதல் நாலு க்ளையன்ட்ல மூணு பேர் பிஜி ஓனர்கள், எல்லாரும் அந்த அக்கா மூலமா வந்தவங்க.

அந்த ஆப் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. என் க்ளையன்ட்ஸ்ல ரெண்டு பேர் அதைத்தான் யூஸ் பண்றாங்க. அதுலேர்ந்து வர்ற எக்ஸெல் ரிப்போர்ட்டை வச்சுதான் நான் கணக்கு எழுதுறேன். பாதி மாசத்துல காலி பண்றவங்களோட கரண்ட் பில் பங்கு மட்டும் அதுல இன்னும் தப்பாத்தான் வருது, ஒவ்வொரு மாசமும் கையால திருத்துறேன்.