வெடியோசையும் நாயின் அச்சமும்

நீர்வேட்கையால் வாடிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தம் காலணியில் நீர் முகந்து புகட்டிய ஒருவர், இறைவனால் மன்னிக்கப்பெற்றார் என்று நபிமொழி கூறும். நாயின் தாகத்தை நாம் அறிவோம். அதன் அச்சத்தை அறிந்தோமில்லை. தீபாவளியன்று கட்டிலின் அடியில் ஒடுங்கும் நாயைக் கோழையென நகைக்கின்றோம். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே உணரும். நாயின் செவியோ 45,000 ஹெர்ட்ஸ் அளவையும் உணரவல்லது. மேலும், வெடி எப்போது, எத்திசையில் வெடிக்கும் என்பதை அது முன்னறிய வழியில்லை.

செம்மங்குப்பத்தில் எம் வாயிலில் வளர்ந்த நாயைக் காப்பென்று கருதி ஒரு தீபாவளியன்று சங்கிலியால் பிணித்தோம். அது சங்கிலியை அறுத்துக்கொண்டு கடலூர் – சிதம்பரம் சாலையை நோக்கி ஓடிற்று. மறுநாள் மாலைதான் திரும்பியது. கழுத்தெல்லாம் புண். பிழை எம்முடையதே.

அதன்பின் பிணிப்பதில்லை. பொழுது சாயுமுன் உலாவ அழைத்துச் சென்று, உள்ளறையில் விட்டுச் சன்னல்களை அடைத்து, மின்விசிறியையும் வானொலியையும் ஓடவிடுகின்றோம். தடவிக்கொடுத்தால் அச்சம் வளரும் என்பார் கூற்றுப் பொருந்தாது, அதட்டலே ஆகாது. மிகுதியாக நடுங்கும் நாய்க்குக் கால்நடை மருத்துவர் முன்கூட்டியே மருந்து தருவார். மனிதருக்குரிய உறக்க மாத்திரையை நாமே கொடுத்தல் தீங்கு.

2018-இல் உச்ச நீதிமன்றம் வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாக வரையறுத்தது. தமிழக அரசு காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை எனப் பகுத்தது. நடைமுறையில் அவ்வெல்லை எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதை யாவரும் அறிவர்! சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி மக்களோ, வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளின் பொருட்டுப் பல்லாண்டுகளாக வெடியையே தவிர்த்து வருகின்றனர். எம் தெருவில் அத்தகைய உடன்பாடு ஏதுமில்லை. ஆகவே ஐப்பசி பிறந்ததும் உள்ளறையை ஒழுங்குசெய்யத் தொடங்கிவிடுகின்றோம்.